தட்டைப் பார்த்து ஆளைக் கணிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 31. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. எதையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் எனக்கு, காரம் என்றால் உயிர். நான் தொடாதது அன்னாசிப்பழம் ஒன்றுதான். சின்ன வயதில் அதைச் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்ததிலிருந்து அந்த வாசனையே ஆகாது. என் கணவர் நேர் எதிர். ஏழெட்டு அயிட்டம், அதைத் தாண்டி வரமாட்டார். காளான், கத்தரிக்காய், அரைவேக்காட்டு முட்டை, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் எதையும் வாயில் வைக்கமாட்டார். தட்டில் ஒன்றோடு ஒன்று பட்டுவிடக் கூடாது. காபியை மட்டும் பாலும் சர்க்கரையும் இல்லாமல் கசக்கக் கசக்கக் குடிப்பார். போன மாதம் தோழி ஒரு வீடியோ அனுப்பினாள். புது உணவைத் தொடாதவர்கள் வாழ்க்கையிலும் பயந்தாங்கொள்ளிகள், எல்லாவற்றையும் தங்கள் பிடியில் வைத்துக்கொள்ளப் பார்ப்பவர்கள், கசப்பு பிடித்தவர்களுக்குள் ஒரு குரூரம் இருக்கும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாம். அதோடு வந்த டெஸ்டை நானும் எழுதினேன், என்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் அப்படியே பொருந்தியது. அப்படியானால் அவரைப் பற்றிச் சொன்னதும் உண்மைதானோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. சோதித்துப் பார்க்க ஒருநாள் காளானை அரைத்து சூப்பில் கலந்துவிட்டேன். இரண்டாவது வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார், அன்று முழுக்கப் பேசவில்லை. நல்ல மனுஷர்தான், எனக்குக் காய்ச்சல் வந்தபோது அதே காளானை முகத்தைச் சுளித்துக்கொண்டே நறுக்கிச் சமைத்துக் கொடுத்தார். ஆனால் மூன்று மாதம் முன்பு வேறு ஊருக்குப் பதவி உயர்வோடு வந்த மாற்றலை என்னிடம் சொல்லாமலே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டை வைத்து ஒருவர் குணத்தைச் சொல்ல முடியுமா? எங்களுக்கு ஒத்துப்போகுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு விருப்பத்துக்கும் குணத்துக்கும் கொஞ்சம் தொடர்பு இருக்கிறது. நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டால் தட்டுப்படுகிற அளவுக்கு இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு மனிதரை எடை போடுகிற அளவுக்கு இல்லை. உங்கள் கணவர் குரூரமானவரா, அடக்கி ஆளப் பார்ப்பவரா என்பதை அவர் காபி டம்ளரை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மனநல ஆலோசகராக இத்தனை வருடம் வேலை பார்க்கிற எனக்கும் முடியாது, அந்த வீடியோ போட்டவருக்கும் முடியாது.

ஆனால் டெஸ்ட் எனக்கு அப்படியே பொருந்தியதே என்கிறீர்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் உங்கள் பயத்துக்கு அஸ்திவாரமே அந்தப் பொருத்தம்தான். 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் கையிலும் ‘இதுதான் உன் குணம்’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் விஷயத்தை உடைத்தார்: 39 பேர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதில் இருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவற்றைக் கடையில் விற்கிற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். ‘வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுபவர்’, ‘மற்றவர்கள் தன்னை விரும்ப வேண்டும் என்று நினைப்பவர்’ என்கிற ரகம். இது யாருக்குத்தான் பொருந்தாது? உங்களுக்கு வந்த முடிவை எடுத்து, காரமே ஆகாத ஒருவரிடம் அவருடையது என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், அவரும் அப்படியே பொருந்துகிறது என்றுதான் சொல்வார்.

இதில் எனக்குக் கவலை தருவது அதற்கு அடுத்தபடி. டெஸ்ட் பொருந்திவிட்டது என்று மனசு ஒப்புக்கொண்ட நிமிடத்திலிருந்து நீங்கள் அவரைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. தட்டில் ஒன்றை ஒதுக்கி வைத்தால், பார், எல்லாம் தன் இஷ்டப்படி இருக்க வேண்டும் இவருக்கு என்று தோன்றும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அப்படித்தான் ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், அப்போதெல்லாம் அது உங்களுக்கு ஒரு பழக்கமாக மட்டும்தான் தெரிந்திருக்கும். இப்போது சாட்சியமாகத் தெரிகிறது. ஒன்றைத் தேட ஆரம்பித்துவிட்டால் அது மட்டும்தான் கண்ணில் படும். எதிர்ச் சாட்சியங்கள், உதாரணமாக அந்தக் காய்ச்சல் நாள், கடிதத்தில் ஒரே வரியில் போய்விடும்.

சரி, கசப்புக்கு வருவோம். அந்த வீடியோவில் சொன்ன ஆராய்ச்சி கட்டுக்கதை கிடையாது, நிஜமாகவே ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் அமெரிக்கர்கள் 953 பேரிடம் இரண்டு கட்டமாகக் கேள்வித்தாள் வாங்கி 2016-ல் வெளியிட்டது. கசப்பான உணவுகள் பிடிக்கும் என்று சொன்னவர்களிடம் பிறரை வதைப்பதில் சுகம் காண்கிற போக்கும் இரக்கமின்மையும் சற்று அதிகமாகத் தெரிந்தன என்பது அவர்கள் முடிவு. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இதை ‘கருப்புக் காபி குடிப்பவரா? ஜாக்கிரதை’ என்று தலைப்புப் போட்டுப் பரப்பின. அந்த ஆய்வு கருப்புக் காபி குடிப்பவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்த ஆய்வே கிடையாது. யார் நாக்கிலும் ஒரு சொட்டுக் கசப்பைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. இந்தந்த உணவு உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பட்டியல் போட்டுக் கேட்டார்கள், குணம் பற்றியும் அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டார்கள், இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இனிமேலும் இந்த மாதிரி வீடியோக்கள் வந்துகொண்டேதான் இருக்கும். குணம் பற்றிய ஆய்வுகளில் இரண்டு விஷயங்களுக்கு நடுவே உள்ள தொடர்பை பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு எண்ணால் சொல்வார்கள். வழக்கமாகக் கிடைப்பது 0.2, மிஞ்சிப்போனால் 0.3. இதில் 0.2 என்றால், மனிதருக்கு மனிதர் காணப்படுகிற வித்தியாசத்தில் 4 சதவீதத்தை மட்டும் அது விளக்குகிறது என்று அர்த்தம், 0.3 என்றால் 9 சதவீதம். மிச்சம் தொண்ணூற்றுச் சொச்சம் வேறு எங்கிருந்தோ வருகிறது. ஆய்வாளருக்கு அந்த 4 சதவீதமே ஒரு கட்டுரைக்குப் போதும், அதில் தவறில்லை. கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிற ஒருவர் மேல் அதைத் தூக்கி வைத்தால்தான் தவறு.

காபியில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. 2018-ல் பிரிட்டனின் பெரிய மரபணுத் தகவல் தொகுப்பு ஒன்றை வைத்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, காஃபீனின் கசப்பை அதிகமாக உணரும்படியான மரபணு அமைப்பு உள்ளவர்கள்தான் அதிகம் காபி குடிப்பவர்களாக இருந்தார்கள். கசப்பு நன்றாகத் தெரிகிறவர்கள் ஓடிப்போக வேண்டியதுதானே? போகவில்லை. அந்தக் கசப்புக்குப் பின்னாலேயே வருகிற சுறுசுறுப்பை மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது, நாளாவட்டத்தில் அந்தக் கசப்பே பிடித்துப்போகிறது என்பதுதான் இதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். உங்கள் கணவர் எப்போது, எதற்காக இப்படிக் குடிக்க ஆரம்பித்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? பரீட்சைக்கு ராத்திரி கண்விழித்த காலமா, பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, அவர் அப்பா அப்படிக் குடித்தாரா? என்னிடம் வந்து கசப்புக் காபியைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரிடமும் இதைக் கேட்டிருக்கிறேன், யாருடைய பதிலிலும் குரூரம் இருந்ததில்லை.

கசப்பு ஒவ்வொரு நாக்கிலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் பிடிசி என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு பொடியைக் கொட்டும்போது கொஞ்சம் காற்றில் பறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறதே என்று கத்தினார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் பொடியை நேராக நாக்கில் வைத்துப் பார்த்தும் அதே கதைதான். அது பரம்பரையாக வருகிற வித்தியாசம் என்று பிறகு தெரிந்தது, அதற்குக் காரணமான மரபணுவை 2003-ல் அடையாளம் கண்டார்கள். ஒரே அறை, ஒரே பொடி, ஒருவருக்கு விஷம் மாதிரி கசப்பு, இன்னொருவருக்கு சுண்ணாம்புத் தூள். இவர்கள் இருவரும் ஒரே காயைச் சாப்பிட்டு ஒருவர் முகம் சுளித்தால், அதில் குணத்தைத் தேடுவதற்கு முன்னால் அவர்கள் வாயில் இருப்பது ஒரே ருசிதானா என்று கேட்க வேண்டும்.

இப்போது நீங்கள் எழுதிய பட்டியலுக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உபயோகமாக இருந்த வரி அதுதான். காளான், கத்தரிக்காய், அரைவேக்காட்டு முட்டை, அதிகம் பழுத்த வாழைப்பழம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ருசியில் இந்த நாலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று இனிப்பு, ஒன்றுக்கு ருசியே பெரிதாகக் கிடையாது. நாலுக்கும் பொதுவாக இருப்பது வாயில் வழவழவென்று, கொழகொழவென்று நழுவுகிற தன்மை. அதோடு தட்டில் ஒன்றோடு ஒன்று படக் கூடாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், மொறுமொறுப்பாக இருப்பது ஊறி நசநசத்துவிடும் என்பதுதானே அதில் உள்ள பிரச்சினை? இவர் புதுசைக் கண்டு பயப்படுகிறவர் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. வாய்க்குள் தொடு உணர்வு கொஞ்சம் கூர்மையாக உள்ளவர் மாதிரி தோன்றுகிறது. குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் தொடு உணர்வு கூர்மையானவர்கள் சாப்பாட்டில் அதிகம் ஒதுக்குபவர்களாக இருப்பது தெரிந்திருக்கிறது, அவர்களில் பலர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள். அவருக்குச் சட்டைக் கழுத்தில் இருக்கிற லேபிள் உறுத்துமா, சில துணிகளைப் போடவே மாட்டாரா, கையில் பிசுபிசுப்பு பட்டால் உடனே எழுந்துபோய்க் கழுவுவாரா என்று பாருங்கள். ஆமாம் என்றால் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இது ஒரு கடிதத்தை வைத்துச் சொல்கிற ஊகம்தான், அவரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புது உணவைத் தொடத் தயங்குவது தனியாக ஒரு விஷயம், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மனிதன் எதை வேண்டுமானாலும் தின்று பிழைக்கக்கூடிய பிராணி, அதனாலேயே தெரியாததைத் தின்று சாகவும் கூடிய பிராணி. ஆகவே புதுசைக் கண்டால் ஒரு ஆசையும் ஒரு பயமும் சேர்ந்தே வரும். பயம் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதை அளக்க 1992-ல் கனடாவைச் சேர்ந்த பாட்ரிஷியா ப்ளைனரும் கேரன் ஹாப்டனும் பத்து வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள், இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் அதிக மதிப்பெண் எடுப்பவர்கள் சராசரியாகப் பார்த்தால் புதிய அனுபவங்களைத் தேடிப் போவதில் கொஞ்சம் பின்தங்கி இருக்கிறார்கள், பதற்றம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. அந்த வீடியோ சொன்னதில் உண்மை என்று இருப்பது இந்தத் துளிதான். அதை ‘பயந்தாங்கொள்ளி’ என்றும் ‘அடக்கி ஆளுபவர்’ என்றும் ஊதிப் பெருக்கியது வீடியோ போட்டவரின் கைவேலை. 2007-ல் பிரிட்டனில் 8 முதல் 11 வயதுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்ததில், இந்தத் தயக்கத்தில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வித்தியாசத்தில் 78 சதவீதம் பரம்பரைக் காரணங்களால் வருவது என்று கணக்கிட்டார்கள். ஒருவர் பிறக்கும்போதே கொண்டுவருவதை, வேண்டுமென்றே பிடிவாதம் பிடிக்கிறார் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிறப்பதற்கு முன்பேயும் ஆரம்பித்துவிடுகிறது. கர்ப்ப காலத்திலோ பாலூட்டும்போதோ கேரட் ஜூஸ் குடித்து வந்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு திட உணவு ஆரம்பித்தபோது கேரட் சுவையுள்ள கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று 2001-ல் ஜூலி மென்னெல்லாவும் அவர் குழுவும் காட்டினார்கள். உங்கள் கணவரின் அம்மா என்ன சாப்பிட்டார், என்ன வாங்க வசதி இருந்தது, யார் எதை வாயில் திணித்தார்கள், எதற்கு அடி விழுந்தது, இதெல்லாம் அவர் தட்டில் இருக்கிறது. ஒருவர் தட்டை வைத்து அவர் குணத்தைவிட அவர் வளர்ந்த வீட்டை நன்றாகச் சொல்லிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது உங்கள் காரம். காரம் பிடித்தவர்கள் துணிச்சல்காரர்கள் என்று அந்த டெஸ்ட் உங்களுக்குச் சொல்லியிருக்கும், உங்களுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். இதற்கும் ஓரளவு ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. 2013-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 97 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கிளர்ச்சியான அனுபவங்களைத் தேடுகிறவர்களுக்குக் காரமான சாப்பாடும் கூடுதலாகப் பிடித்திருந்தது. சாப்பாடு, குணம் பற்றிய ஆய்வுகளில் ஓரளவு வலுவான தொடர்பு இதுதான். காரம் ருசியே கிடையாது என்பது தெரியுமா உங்களுக்கு? மிளகாயில் உள்ள கேப்சைசின், ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் போகிற சூட்டை உணர்வதற்காக இருக்கிற நரம்பு ஏற்பியைப் போய்த் தட்டுகிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு அதைக் கண்டுபிடித்தது, 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாய் வேகிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது, ஆனால் எதுவும் வேகவில்லை. இந்தப் பொய் ஆபத்தை ரசிப்பதற்கு பால் ரோசின் என்ற உளவியலாளர் ‘ஆபத்தில்லாத சுயவதை’ என்று பெயர் வைத்தார்.

ஆனால் அதே ரோசின் இன்னொன்றையும் பார்த்தார். மிளகாய் இல்லாமல் சாப்பாடே இல்லாத ஒரு மெக்சிகோ கிராமத்தில், குழந்தைகள் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து, யாரும் கட்டாயப்படுத்தாமலே காரத்துக்குப் பழகிவிடுகிறார்கள். அதே வீட்டு மிச்சத்தைத் தினமும் தின்கிற நாய்களிலும் பன்றிகளிலும் காரத்தை விரும்பித் தேர்ந்தெடுத்தது ஒன்றுகூட இல்லை. ஊரே காரம் சாப்பிடுகிற இடத்தில் ஒருவர் காரம் சாப்பிட்டால் அதிலிருந்து அவருடைய குணத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வீட்டில் யாருமே தொடாததை ஒருவர் தானாகத் தேடிப் போனால் அப்போது கொஞ்சம் யோசிக்கலாம். உங்கள் வீட்டில் எப்படி? அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் காரம் சாப்பிடுபவர்களா? அப்படியானால் உங்கள் துணிச்சலுக்கு வேறு சாட்சி தேட வேண்டும்.

உங்கள் அன்னாசிப்பழத்தையும் விட்டுவிட மனமில்லை. ஒரே ஒரு முறை, ஏதோ ஒன்றைச் சாப்பிட்டபின் வயிறு கெட்டுவிட்டால், அந்த உணவு காரணமே இல்லாவிட்டாலும் உடம்பு அதை வருடக்கணக்கில் ஒதுக்கிவைக்கும். 1955-ல் ஜான் கார்சியா எலிகளிடம் இதை நிரூபித்தார், மனிதர்களிடமும் அப்படியேதான். உங்கள் மேல் யாராவது, ‘அன்னாசி பிடிக்காதவர்கள் மன்னிக்கத் தெரியாதவர்கள்’ என்று ஒரு டெஸ்டைக் கொண்டுவந்து நீட்டினால் எவ்வளவு கோபம் வரும்? உங்கள் கணவரின் ஒவ்வொரு ‘வேண்டாம்’ பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

இதுவரை ஆறுதலாகத்தான் எழுதினேன். இனி சொல்லப்போவது கொஞ்சம் கறாராக இருக்கும்.

அந்த சூப் விஷயம். இனி ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். வாய்க்குள் போவதில் ஒரு மனிதருக்குக் கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் அதை ஒரு சின்னச் சோதனை என்று நினைத்தீர்கள். அவருக்கு அது தன் வீட்டில் தனக்குப் பரிமாறுவதை நம்பலாமா என்ற கேள்வி. மறைத்துக் கலப்பதால் இன்னொரு கெடுதலும் உண்டு: இதுவரை தைரியமாகச் சாப்பிட்டு வந்த சூப்பும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிடும், ஏழெட்டு ஆறாகும். அவர் அன்று பேசாமல் இருந்ததைப் பிடிவாதம் என்று கணக்கெழுதி வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். மன்னிப்புக் கேளுங்கள், ‘இனி உங்களுக்குத் தெரியாமல் எதையும் கலக்கமாட்டேன்’ என்று ஒரே வாக்கியத்தில், ‘ஆனால்’ சேர்க்காமல்.

சாப்பாட்டைச் சுற்றிக் குணம் தெரியாதா என்றால், தெரியும். பிடித்தது பிடிக்காததில் தெரியாது, நடந்துகொள்கிற விதத்தில் தெரியும். சமைத்தவர் முகத்துக்கு நேரே தட்டைத் தள்ளுகிறாரா, தனக்குப் பிடிக்காததை நீங்களும் சாப்பிடக் கூடாது என்கிறாரா, விருந்துக்குப் போன இடத்தில் உங்களைத் தலைகுனிய வைக்கிறாரா, தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறாரா, உங்கள் தலையில் கட்டுகிறாரா என்றெல்லாம் பாருங்கள். நீங்கள் எழுதியதில் இப்படி ஒன்றுகூட இல்லை. இருப்பது, கையில் பட்டாலே ஆகாத ஒன்றை உங்களுக்காக நறுக்கிச் சமைத்த ஒரு மனிதர்.

இனி மாற்றல். நீளமான கடிதத்தில் இதற்கு நீங்கள் கொடுத்திருப்பது ஒரு வாக்கியம். காளானுக்கு அதைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறீர்கள். வீடியோ வந்தது போன மாதம், மாற்றல் நடந்தது மூன்று மாதம் முன்பு. நடுவில் இருந்த இரண்டு மாதமும் உங்களுக்குள் ஒரு வலி இருந்திருக்கிறது, அதற்குப் பெயர் வைக்க முடியாமல் தவித்திருக்கிறீர்கள், அப்போது பார்த்து ‘புதுசைக் கண்டால் பயப்படுபவர், எல்லாவற்றையும் தன் பிடியில் வைப்பவர்’ என்று ஒரு பெயர் தயாராக வந்து நின்றது. பற்றிக்கொண்டுவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த வலி நியாயமானது. ஆனால் அதை அவர் தட்டின் மேல் இறக்கி வைத்திருக்கிறீர்கள், அங்கே அதற்கு வைத்தியம் கிடையாது.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, பிரித்துப் பாருங்கள். அவர் ஊர் மாற விரும்பாதது ஒன்று. அதற்குப் பெற்றோர் வயது, வேலைச் சுமை, பழகிய இடத்தில் இருக்கிற நிம்மதி என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம், சுபாவமே அப்படி என்றாலும் அது குற்றமில்லை. உங்களிடம் சொல்லாமல் முடிவெடுத்தது இன்னொன்று. உங்கள் இருவர் வாழ்க்கையையும் தொடுகிற ஒரு முடிவு அது, அவர் ஒருவர் எடுத்திருக்கக் கூடாது. இதைச் சுபாவம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது, வீடியோ பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்கும்போது சாப்பாட்டைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ‘நீங்கள் எப்பவுமே இப்படித்தான், ஒரு புது அயிட்டம்கூடச் சாப்பிடமாட்டீர்கள்’ என்று ஆரம்பித்தால் பேச்சு காளானிலேயே முடிந்துவிடும், அவர் தன் நாக்கைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். சாப்பாட்டு நேரத்திலும் வேண்டாம். இருவருக்கும் அவசரம் இல்லாத ஒரு வேளையில், ‘மாற்றல் வந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது எனக்கு ரொம்ப வலித்தது, என்னிடம் சொல்ல வேண்டாம் என்று ஏன் தோன்றியது உங்களுக்கு?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். இடைவெளி விழும், அதை நீங்கள் நிரப்பாதீர்கள். சொன்னால் நீங்கள் போகலாம் என்று வற்புறுத்துவீர்கள் என்று பயந்திருக்கலாம், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம், இது தன் வேலை விஷயம், மனைவிக்கு என்ன என்கிற நினைப்பாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் பேசித் தீரக்கூடியவை. மூன்றாவது என்றால் கொஞ்சம் நீளமான வேலை, ஒரு தம்பதியர் ஆலோசகரை இருவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. உங்களுக்கு ஒத்துப்போகுமா என்ற கேள்விக்கு அந்தப் பதிலில்தான் விடை இருக்கிறது, இங்கிருந்து நான் சொல்வது முறையாக இருக்காது.

சாப்பாட்டுக்கு வருகிறேன், அதுவும் தினசரிப் பிரச்சினைதானே. நீங்கள் ஆசைப்பட்டதை நீங்கள் சாப்பிடுங்கள், அவருக்காக விட்டுவிட்டு மனதுக்குள் பொருமாதீர்கள். வெளியே போனால் அவருக்கு ஒன்றாவது கிடைக்கிற இடமாகப் பாருங்கள், உங்களுக்குப் புதுசு வேண்டும் என்றால் தோழியோடு போங்கள். தன் பட்டியலை விரிக்க அவருக்கே ஆசை இருந்தால் மட்டும், கத்தரிக்காயை மெல்லிசாக நறுக்கி மொறுமொறுவென்று வறுத்து, முட்டையை முழுக்க வேகவைத்து, வழவழப்பு இல்லாத வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்துப் பாருங்கள். சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் பார்ப்பது மட்டும் போதாது, அவராக ஒரு துளி ருசிபார்த்தால்தான் பழகும். சின்னக் குழந்தைகளை வைத்து லீன் பர்ச் என்பவர் 1980-களில் செய்த ஆய்வுகளில், ஒரே உணவைப் பத்துப் பதினைந்து முறை ருசிபார்த்த பிறகுதான் பிடிக்க ஆரம்பித்தது. வளர்ந்தவர்களுக்கும் பொறுமை வேண்டும், அவர்கள் சம்மதமும் வேண்டும். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஏழெட்டு அயிட்டத்தோடு ஆரோக்கியமாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். பட்டியல் சுருங்கிக்கொண்டே போனாலோ, எடை குறைந்தாலோ, ரத்தப் பரிசோதனையில் சத்துக்குறைவு தெரிந்தாலோ, சாப்பாட்டுக்குப் பயந்து நாலு பேர் கூடுகிற இடத்துக்கே போகாமல் இருந்தாலோ, அது உணவைத் தவிர்க்கிற ஒரு கோளாறாக இருக்கலாம். 2013-லிருந்து மனநல மருத்துவத்தில் அதற்குத் தனியாகவே இடம் உண்டு, சிகிச்சையும் உண்டு. அதேபோல, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று ருசி மாறினால் மருத்துவரைப் பாருங்கள், மூக்கு வேலை செய்யாமல் போயிருக்கலாம், மாத்திரை காரணமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். உங்கள் கணவர் விஷயத்தில் இவை எதற்கும் அறிகுறி உங்கள் கடிதத்தில் இல்லை.

சூப்புக்கான மன்னிப்பை இன்றைக்கே கேட்டுவிடுங்கள். மாற்றல் பேச்சுக்கு இந்த வாரக் கடைசியில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.